அம்சவேணியை ஏற்றுக்கொண்ட இயந்திரம்

அம்சவேணிக்குக் கை இருக்கிறது, கையில் விரல் இருக்கிறது, விரலில் ரேகை மட்டும் கிடையாது. முப்பது வருடமாக மிளகுக் கொத்தைக் கசக்கி உதிர்த்த கை அது. மிளகு இல்லாத மாதங்களில் மரவள்ளி பிடுங்கித் தோல் சீவிய கை. கொல்லிமலையில் இந்த இரண்டு வேலையும் பார்க்கிறவர்களுக்கு முதலில் தேய்வது கட்டைவிரல்தான். தேய்ந்தால் தேயட்டும், ரேகையை வைத்துக்கொண்டு ஜோசியமா சொல்லப் போகிறோம் என்று அவளும் சும்மா இருந்தாள். ரேஷன் கடைக்கு அந்த மிஷின் வந்து சேரும்வரை இதனால் ஒரு குறையும் இல்லை.

மிஷின் என்றால் ஏதோ மலையைக் குடையும் மிஷின் என்று நினைத்துவிடாதீர்கள். சோப்பு டப்பா மாதிரி கைக்கு அடக்கமான ஒரு டப்பா, அதன் நெற்றியில் ஒரு சின்னக் கண்ணாடி. அதில் கட்டைவிரலை வைத்தால், வைத்தவர் இன்னார்தான் என்று அது ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் அரிசி. ஆரம்பத்தில் அம்சவேணியைப் பத்துத் தடவைக்கு ஒரு தடவை, போனால் போகிறது என்று ஒப்புக்கொண்டது. இந்தச் சித்திரையிலிருந்து அடியோடு கையை விரித்துவிட்டது.

மாதாமாதம் அவள் செய்கிற சடங்கை வரிசையில் நிற்கிற எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். விரலை முந்தானையில் துடைப்பாள். வாயருகே வைத்து 'ஹா' என்று ஊதுவாள். கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அப்புறம் சாமிக்குச் சூடம் காட்டுகிற பவ்வியத்தோடு கண்ணாடியில் வைப்பாள். மிஷின் 'கீக்' என்று ஒரு சத்தம் போட்டுச் சிவப்பாக முழிக்கும்.

"பொருந்தலீங்க்கா" என்பான் கலைமணி. கடையின் சேல்ஸ்மேன். சேந்தமங்கலத்துக்காரன். தினமும் காலை பஸ்ஸில் எழுபது வளைவு ஏறி வந்து, சாயங்கால பஸ்ஸில் எழுபது வளைவு இறங்கிப் போகிறவன். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

"ஏஞ்சாமி, என்னைய உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுமுங்க்கா. மிஷினுக்குத் தெரியோணுமே."

"போன மாசம் உனக்கு ஒரு சீப்பு மலைவாழப்பழம் குடுத்தனே, அது யாரு குடுத்தது?"

"நீங்கதானுங்க்கா குடுத்தீங்க. பழம் நல்லா இருந்துச்சு. ஆனா பொருந்தலீங்களே."

போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னாலும் போதும் என்றான். கார்டில் பதிந்திருந்த போன் நம்பர் அவள் புருஷனுடையது. புருஷன் போய் மூன்று வருடமாகிறது, போனும் அவரோடு போனது. ஒரே மகன் திருப்பூரில் பெண்டாட்டி பிள்ளையோடு தனிக் கார்டில் இருக்கிறான். ஆக, இந்தக் கார்டில் இருப்பது அம்சவேணி ஒருத்தி, அந்த ஒருத்தியைத்தான் மிஷின் இல்லை என்கிறது. நான்கு மாதமாக அவள் வீட்டில் அரிசி வேகவில்லை. காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, ராத்திரிக்கு மாறுதலாக இருக்கட்டும் என்று மிளகாய் வைத்துக் கிழங்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். கலைமணி இன்னொன்றையும் சொல்லி வைத்திருந்தான்.

"தொடர்ந்தாப்புல ஆறு மாசம் வாங்காம இருந்தா கார்டுல இருந்து பேரையே எடுத்துருவாங்கன்னு பேசிக்கிறாங்க்கா."

அதிலிருந்துதான் அவளுக்குத் தூக்கம் போனது. அரிசி போனால் போகட்டும், பேரை எடுப்பதென்றால் என்ன அர்த்தம்? புருஷன் பேரை எடுத்தார்கள், அவர் செத்தார் என்பதால் எடுத்தார்கள். தன் பேரை எடுத்தால் தானும் அந்தக் கணக்குத்தானே? உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிற பொம்பளைக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்! இரண்டு மாதம் மிச்சம் இருந்தது.

ஆடி மாதம் நான்காம் தடவையாக மிஷின் சிவப்பாக முழித்த அன்றைக்குத்தான் அந்தக் கார் வந்தது. செம்மேட்டுக்கு வழி கேட்டுக் கடைமுன் நின்ற காரிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். பாதித் தலையை மழித்து மீதியில் நீலம் பூசியிருந்தாள். அம்சவேணி தன் கையை மேலே தூக்கி, "பாருங்க சாமி, இது கையா இல்ல காலா?" என்று வரிசைக்கே நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் நேராக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். திருப்பிப் பார்த்தாள். விரல் விரலாகத் தடவினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"என்ன ஒரு கை! அம்மா, இந்தக் கையைத்தான் நான் ஆறு மாசமா தேடிட்டு இருக்கேன்."

அம்சவேணிக்குத் திக்கென்றது. மேலிடத்திலிருந்து ரேகை பார்க்க ஆள் அனுப்பிவிட்டார்கள், நம் மாரியம்மன் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தாள். பாவம், வேறென்ன நினைப்பாள்? நான்கு மாதமாக யாருமே கையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

வந்தவள் பெயர் யமுனா. சென்னையில் நாட்டியக் குழு வைத்திருக்கிறாள். மலையில் புதிதாக முளைத்த ஒரு சொகுசு விடுதிக்காரர்கள் செம்மேட்டில் அவளுடைய நிகழ்ச்சியை வைக்கிறார்கள். பெயர் 'கி.பி. 2120'. இசையும் நடனமும் கணினி வெளிச்சமும் கலந்த படைப்பு. தொழில்நுட்பமும் மனிதமும் என்பது கரு. சென்னையில் எத்தனையோ அரங்கம் இருக்க இங்கே எதற்கு என்றால், இயந்திர யுகத்தைப் பற்றிய படைப்பு இயந்திரம் தீண்டாத மண்ணில் நடக்க வேண்டுமாம். மண்ணை இயந்திரம் தீண்டியிருந்ததோ இல்லையோ, அதற்காக இரண்டு லாரி நிறைய இயந்திரம் மலையேறிக்கொண்டிருந்தது.

கதையை யமுனா டீக்கடை பெஞ்சில் வைத்தே சொன்னாள். இன்னும் நூறு வருடம் கழித்து உலகத்தை இயந்திரங்கள் ஆளுகின்றன. யார் மனிதர், யார் இயந்திரம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பேரியந்திரம் உண்மையான மனிதரைத் தேடுகிறது. ஒவ்வொருவராக வந்து அதன் கண்ணாடிப் பலகையில் கை வைக்கிறார்கள். பலகை சிவக்கிறது, நிராகரிக்கிறது. கடைசியில் மண்ணிலிருந்து ஒரு தாய் வருகிறாள், கை வைக்கிறாள். இயந்திரம் அவளை அறிந்துகொண்டு அழுகிறது.

அம்சவேணி டீயைக் கீழே வைத்தாள்.

"ஏங்கண்ணு, இதுக்கு எதுக்கு நூறு வருசம்? இதா, இந்தக் கடையில நாலு மாசமா நடக்குதே."

யமுனா 'ஆஹா' என்று சிரித்து, அந்த வாக்கியத்தை உடனே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். எழுதினாளே தவிர, அதைக் காதில் வாங்கவில்லை. கலைஞர்களுக்குக் கேட்கிற சங்கதி எல்லாம் நேராகப் புத்தகத்துக்குப் போய்விடுகிறது.

"அந்தத் தாய் நீங்கதான்மா. நடிக்க வேண்டாம், ஆட வேண்டாம். வந்து கை வெச்சாப் போதும்."

"வெச்சா அது ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்மா. அதுதானே கதையே."

"முன்னால யாரு உக்காந்திருப்பாங்க?"

சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி தலைமை தாங்க வருகிறார் என்றாள் யமுனா. அவ்வளவுதான், அம்சவேணி மறுபேச்சில்லாமல் தலையை ஆட்டிவிட்டாள். அவள் போட்ட திட்டம் ரொம்ப எளிமையானது. அதிகாரி கண் எதிரில் ஒரு மிஷின் தன்னை ஒப்புக்கொண்டுவிட்டால், அப்புறம் கலைமணியின் சோப்பு டப்பா எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மறுக்கும்? டவுன் மிஷின், பெரிய மிஷின். அது சொன்னால் எடுபடும்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஒத்திகைக்குப் போனாள். செம்மேட்டு மைதானத்தில் சுற்றிலும் கறுப்புத் துணி கட்டி, பட்டப்பகலை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். வெள்ளித் துணி சுற்றிய எட்டுப் பேர் கரண்ட் ஷாக் அடித்தவர்களாக வெட்டி வெட்டி ஆடினார்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு அந்தக் கண்ணாடிப் பலகை. ஒவ்வொருவர் கைக்கும் அது சிவந்தது. பிறகு இவளை அனுப்பினார்கள். துடைத்தாள், ஊதினாள், கண்ணில் ஒற்றினாள், வைத்தாள்.

பலகை பச்சையாக மலர்ந்தது. மேடை முழுக்கப் பச்சை வெள்ளமாக ஓடியது. எங்கிருந்தோ ஒரு கனத்த ஆண் குரல், "மனிதரே! உம்மை நான் அறிவேன்!" என்றது.

அம்சவேணி அப்படியே உட்கார்ந்து அழுதாள். நான்கு மாதத்து அழுகை. என்னை அறியுமாமே, என்னை அறியுமாமே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். யமுனா ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"இதேதான்மா! நாளைக்கும் இப்படியே அழணும். சரியா இதே இடத்துல."

"அழுவறேங்கண்ணு, அதுக்கென்ன. இதுல சீட்டு வருமா?"

"சீட்டா?"

"கை பொருந்துச்சுன்னு ஒரு சீட்டு. கடையில காட்டோணுமே."

யமுனா அதையும் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் மூன்று மணி நிகழ்ச்சிக்கு இரண்டு மணிக்கே மைதானம் நிரம்பிவிட்டது. விடுதிக்காரர்களுக்கு ஒரே பெருமை. மலை மக்களுக்கு நவீன கலையில் இவ்வளவு தாகமா என்று ஒருவர் கேமராவுக்கு முன் நின்று பேசினார். தாகமும் இல்லை, ஒன்றும் இல்லை. பந்தல், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலி, முன்வரிசையில் தண்ணீர் பாட்டில், வருகிறவர் சென்னை அதிகாரி. இவ்வளவும் சேர்ந்தால் மலையில் அதற்கு ஒரே பொருள்தான். மனு வாங்குகிற நாள். எழுபது வளைவு வயிற்றைப் புரட்ட ஏறி வந்து ஒரு அதிகாரி ஆட்டம் பார்த்துவிட்டுப் போவார் என்று சொன்னால் மலையின் குண்டூர் நாட்டில் பச்சைக் குழந்தைகூட நம்பாது. ஆகவே பட்டா கேட்கிறவர்கள், ரோடு கேட்கிறவர்கள், தண்ணீர்க் குழாய் கேட்கிறவர்கள் எல்லோரும் நான்காக மடித்த காகிதத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்சவேணியின் பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் இரண்டு மனு வைத்திருந்தாள். ஒன்று தனக்கு, இன்னொன்று எதற்கும் இருக்கட்டும் என்று.

மூன்றாம் வரிசையில் கலைமணியும் இருந்தான். கடைக்கு ஒருத்தரும் வரவில்லை, எல்லோரும் இங்கே வந்துவிட்டார்கள், அவன் மட்டும் மிஷினைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வான்?

ஆட்டம் தொடங்கியது. தரை அதிர்கிற இசை. வெள்ளி ஆட்கள் விழுந்தார்கள், எழுந்தார்கள், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு கால்மணி நேரம் அசையாமல் நின்றார்கள். "இவங்க மனு என்னன்னு ஒண்ணும் வெளங்கலையே" என்றாள் சென்னம்மாள். முன்வரிசையில் அதிகாரி தலையை மெல்ல மெல்ல ஆட்டி ரசித்தார். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கலை தெரிந்தவர். புத்தகமெல்லாம் எழுதியிருக்கிறாராம்.

கடைசிக் கட்டம் வந்தது. மேடையெங்கும் புகையை விட்டார்கள். அம்சவேணி நடந்து வந்தாள். மூலிகைச் சாயம் போட்ட ஒரு சேலையை அவளுக்குக் கட்டிவிட்டிருந்தார்கள், மண்ணின் நிறமாம். அவளுடைய சொந்தச் சேலை ஊதா நிறத்தில் பூப்போட்டது, அது மண்ணுக்குப் பொருந்தவில்லை என்று கழற்றச் சொல்லிவிட்டார்கள். அவள் பலகை முன் வந்து நின்றாள். முன்வரிசையைப் பார்த்தாள். அதிகாரி அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை தப்பக்கூடாது என்று அவளுக்குப் பதறியது. விரலை ஒரு தரம் துடைத்தாள். பற்றாது என்று தோன்றி மறுபடி துடைத்தாள். நன்றாக ஊதினாள். கண்ணில் ஒற்றினாள். மாரியம்மனை வேண்டினாள், குலசாமியை வேண்டினாள், எதற்கும் இருக்கட்டும் என்று புருஷனையும் வேண்டினாள்.

மேடைக்குப் பின்னால் லேப்டாப் வைத்துக்கொண்டு முரளி என்கிற பையன் உட்கார்ந்திருந்தான். ஒத்திகையில் அவன் அவள் கையைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினான். இன்றைக்குப் புகையில் கை தெரியவில்லை. தாளத்தை எண்ணினான், எட்டு வந்தது, அமுக்கிவிட்டான்.

பலகை பச்சையாக மலர்ந்தது. மேடை முழுக்கப் பச்சை ஓடியது. "மனிதரே! உம்மை நான் அறிவேன்!" என்று குரல் முழங்கியது.

அம்சவேணியின் கை பலகைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அவள் பலகையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். திரும்பவும் பலகையைப் பார்த்தாள். மாராப்பில் குத்தியிருந்த குட்டி மைக் வழியாக அவள் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"நான் இன்னும் கையே வெக்கலீங்களே?"

காகிதக் கூட்டம் ஓவென்று சிரித்தது. முன்வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டது. "அபாரம்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. கடை மிஷின் இல்லை என்று சொன்னபோதுகூட இப்படி வரவில்லை. நேற்று இந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து என்ன அழுகை அழுதோம், என்னை அறியுமாமே என்று! கை வைக்கும் முன்பே அறிகிற மிஷின் யாரைத்தான் அறியாது? நாயை நிறுத்தினால் நாயையும் அறியும். அவள் பலகையை விட்டுவிட்டு மேடையின் விளிம்புக்கு வந்தாள், அதிகாரிக்கு நேர் எதிரே.

"அய்யா, இது பொய் மிஷினுங்க. நெச மிஷின் எங்க ரேசன் கடையில இருக்குது. அது என்னைய இல்லேங்குது. இந்தப் பொய் மிஷின் ஆமாங்குது. இதுல நான் எதை நம்பட்டும்? நாலு மாசமா கெழங்கைத் தின்னுபோட்டுக் கெடக்கறேன். இன்னும் ரெண்டு மாசம் போனா என்ற பேரையே எடுத்துருவாங்களாம். நான் செத்தா போயிட்டேன்? இந்தாங்க, என்ற கையைப் பாருங்க. நீங்களே தொட்டுப் பாருங்க. நான் அம்சவேணிதானுங்க."

கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அதிகாரி எழுந்தார். எழுந்தவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கை தட்டினார். அவர் எழுந்ததும் முன்வரிசை எழுந்தது, முன்வரிசை எழுந்ததும் கேமராக்கள் எழுந்தன. கைதட்டல் ஓயவே இல்லை.

அதிகாரி மேடையேறி மைக்கை வாங்கினார். குரல் தழுதழுத்தது.

"எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த அம்மையாரைப் போல ஒரு நடிப்பை நான் கண்டதில்லை. அந்த நடை, அந்தப் பேச்சு, அந்தத் தவிப்பு! சென்னையிலிருந்து வந்து இந்த மலைப் பெண்ணாகவே வாழ்ந்து காட்டிவிட்டார். உண்மையான மலைப் பெண்ணையே இவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், அவள் தோற்றுவிடுவாள்!"

அம்சவேணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். மிஷின் இல்லை என்றது, சரி, அது மிஷின். இந்த மனுஷனும் இல்லை என்கிறாரே!

அவள் யமுனாவைப் பார்த்தாள். யமுனாவுக்கு உண்மை தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். யமுனா உதட்டைக் கடித்துக்கொண்டு கை கூப்பி நின்றாள். டெல்லி விழாவுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற குழுவில் இந்த அதிகாரி இருக்கிறார். "அப்புறமா சொல்லிக்கலாம்மா" என்று வாயசைத்தாள்.

பொறுக்காமல் எழுந்தது சென்னம்மாள்தான்.

"ஏனுங், அவ எங்க ஊருங்க! எம்பட பக்கத்தூட்டுக்காரி! நடிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல!"

"ஆமாங்க, அம்சவேணிதானுங்க!" என்று பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். பத்துப் பேர் எழுந்தார்கள். ஐம்பது பேர் எழுந்தார்கள். மடித்த காகிதங்களை ஆட்டிக்கொண்டு, அவளை எங்களுக்குத் தெரியும், அவள் புருஷனைத் தெரியும், அவள் மாமியாரைத் தெரியும் என்று மைதானமே கத்தியது. தன்னை இத்தனை பேருக்குத் தெரியும் என்பது அம்சவேணிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிகாரி மெய்சிலிர்த்துப் போனார். "பார்வையாளர்களையும் பாத்திரங்களாக்கிவிட்டார் இயக்குநர்! கையில் மனுக்கள்! என்ன ஒரு படிமம்!"

அப்போதுதான் கூட்டத்தின் கண்ணெல்லாம் மெல்ல மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பியது. சொல்லி வைத்தது போல ஒருத்தர் பாக்கியில்லாமல் கலைமணியைப் பார்த்தார்கள். அவன் குனிந்து செருப்பை மாட்டுவது போல் பாவனை செய்தான். செருப்பு காலில்தான் இருந்தது. எவ்வளவு நேரம்தான் குனிந்திருப்பான்? எழுந்தான். யாரோ அவன் கையில் மைக்கைத் திணித்தார்கள்.

"அய்யா, நான் ரேசன் கடை சேல்ஸ்மேனுங்க. நாலு மாசமா இவங்களை இல்லேன்னு சொல்லிட்டு இருக்கறது நான்தானுங்க. தெரிஞ்சேதான் சொன்னேன். மிஷின் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்." அம்சவேணி பக்கம் கையைக் காட்டினான். "இவங்க அம்சவேணிதானுங்க. எனக்கு நல்லாத் தெரியுமுங்க."

வேலை போய்விடும் என்று தெரிந்தும் மைக்கைக் கீழே வைக்காமல் நின்றான். அதிகாரி அவனைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

"இவரும் அருமை!" என்று சொல்லி, மறுபடியும் கை தட்டினார்.

அப்புறம் பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். அதிகாரியின் கார் வெயில் தாழுமுன் வளைவு இறங்கிப் போயிற்று. மனுக்களையெல்லாம் மேடைப் பொருள் என்று நினைத்து வெள்ளி ஆட்கள் பவ்வியமாக வாங்கி ஒரு கூடையில் அடுக்கினார்கள். அந்தக் கூடையும் லாரியில் ஏறியது. சென்னம்மாள் மட்டும் உஷாராக ஒரு மனுவை மடியில் வைத்துக்கொண்டாள். யமுனா போகும்போது அம்சவேணியின் கையை முத்தமிட்டு, டெல்லிக்கு நீங்களும் வரணும், அங்கே உங்களை யாருக்குமே தெரியாது, இன்னும் பிரமாதமாக இருக்கும் என்றாள்.

"யாருக்குமே தெரியாத எடத்துக்கு டெல்லி வரைக்கும் எதுக்குக் கண்ணு வாரது?" என்று அம்சவேணி கையை உருவிக்கொண்டாள்.

மறுநாள் அவள் கடைக்குப் போவதாகவே இல்லை. சென்னம்மாள்தான் இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் அவள் முறை வந்தது. பழக்க தோஷம், விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மேசையில் மிஷின் இருந்தது, அதன்மேல் கலைமணி தன் துண்டைப் போர்த்தி வைத்திருந்தான்.

"துண்டை எடு சாமி, வெக்கறேன்."

"வேண்டாங்க்கா. அது இல்லேன்னுதான் சொல்லப்போவுது. அதுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கேக்க முடியல."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துத் தூசி தட்டினான். ரேகை பதியாதவர்களுக்குக் கையால் எழுதிக் கொடுக்கிற நோட்டாம். அட்டை மடியாமல், ஒரு பக்கம்கூட எழுதாமல் புத்தம் புதிதாக இருந்தது.

அம்சவேணிக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது.

"அட படுபாவி! இந்த நோட்டு இத்தன நாளா இங்கதான் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க்கா."

"நாலு மாசமா நான் கெழங்கு தின்னது இது தெரிஞ்சேவா?"

"இதுல எழுதுனா ஒவ்வொரு ஆளுக்கும் மேல பதில் சொல்லோணுமுங்க்கா. ஆள் நெசந்தானான்னு கேப்பாங்க. பயந்துக்கிட்டேன்." அவன் தலை நிமிரவில்லை. "நேத்து அத்தன பேரு முன்னால சொல்லிப்போட்டேன். இனி யாரு கேட்டா என்ன? பெரிய ஆபீசரே கை தட்டுனாரு, அதையே உத்தரவுன்னு வெச்சுக்கறேன்."

அவள் திட்டினாள். ஆசை தீரத் திட்டினாள். மலைவாழைப்பழத்தையும் சேர்த்துத் திட்டினாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே அவள் பேரை எழுதினான். கார்டு நம்பரை எழுதினான். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கடித்து யோசித்துவிட்டு, 'ரேகை இல்லை. ஆள் தெரியும்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான். மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினான்.

அவள் கட்டைவிரலை மையில் உருட்டி நோட்டில் அழுத்தினாள். கோடு ஒன்றுகூட விழவில்லை. மொழுமொழுவென்று கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது, அவ்வளவுதான். இதுவும் செல்லாதோ என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

கலைமணி குனிந்து அந்தக் கறுப்பு வட்டத்தை வாயால் ஊதி ஆற வைத்தான்.

"போதுங்க்கா" என்றான். எழுந்து போய் அரிசியை நிறுத்தான்.

அவள் பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நகர்ந்தாள். அடுத்தது சென்னம்மாள். அவளுக்கு மிஷினில் ரேகை முதல் தடவையே விழும், அதில் அவளுக்கு ஊரில் ஒரு பெருமைகூட உண்டு. கலைமணி துண்டை எடுக்கப் போனான். சென்னம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அது கெடக்குது அக்கட்டால. எனக்கும் அந்த நோட்டுலயே எழுது சாமி, ஆள் தெரியும்னு."